சாங்கி – திருச்சி: தூரமும் நேரமும் (கேள்வி பதில்; பெயருக்குப் பதில் கேட்பவரின் சிங்கப்பூர் வட்டாரம்)

ஈசூன்: நம்ம சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து திருச்சி எத்தனை கிலோமீட்டர் அண்ணே?

நேராக அளந்தால் சுமார் 2,980. சென்னை 2,925, மதுரை 3,015, கோவை 3,165.

தெம்பனிஸ்: திருச்சி சென்னைக்குத் தெற்கே. நமக்குப் பக்கமாகத்தானே வரணும்?

தெற்கே மட்டுமல்ல, மேற்கேயும் தள்ளியிருக்கிறது. நாம் இருப்பது 104ஆம் தீர்க்கரேகை. சென்னை 80, திருச்சி 78.7. இந்தப் பயணத்தில் பெரும்பகுதி மேற்கு நோக்கித்தான். மலாக்கா நீரிணை, ஆச்சே, வங்கக் கடல், யாழ்ப்பாணத்துக்குச் சற்று வடக்கே, பிறகு கோடியக்கரைப் பக்கம் கரையேறும். இது நேர்க்கோடு. விமானம் வான்வழித் தடங்களில்தான் போகும், இடிமேகம் கண்டால் சுற்றும். அதனால் உண்மையில் கொஞ்சம் கூடும்.

செங்காங்: காலை 10:00 புறப்பாடு, 11:45 வருகை என்று டிக்கெட்டில் இருக்கு. ஒன்றே முக்கால் மணி நேரமா?

இல்லை, 4 மணி 15 நிமிடம். இரண்டும் அந்தந்த ஊர் நேரம். இந்தியா நமக்கு 2:30 மணி பின்னால். டிக்கெட் நேரத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் வாசலில் வந்து நிற்பதும் சேர்த்தி. 00:30 புறப்பாடு என்றால் முந்தைய நாள் இரவே சாங்கியில் இருக்கவேண்டும். தேதியைப் பாருங்கள்.

பொங்கோல்: திரும்பும்போது 1:00 – 7:45. ஆறே முக்கால் மணி நேரமா?

மேலே படிக்கவும். இந்த முறை 2:30 கழியுங்கள். அந்த 1:00 மணியும் நள்ளிரவுக்குப் பின்தான். தேதி!

புக்கிட் பாத்தோக்: பூமி கிழக்கே சுழலுது. மேற்கே போகும் விமானத்தை நோக்கி ஊரே வருதே, சீக்கிரம் போகணுமே?

காற்றும் பூமியோடுதான் சுழல்கிறது. நிலநடுக்கோட்டில் பூமி மணிக்குச் சுமார் 1,670 கி.மீ. சுழல்கிறது. காற்று சேர்ந்து வரவில்லையென்றால் ராஃபிள்ஸ் பிளேஸில் ஒரு கட்டடம் நிற்காது. உங்கள் கணக்குப்படி திருச்சிக்கு ஒன்றே கால் மணி நேரம்கூட ஆகாது. போகவும் வரவும் ஆகும் நேரத்தை மாற்றுவது காற்றுதான்.

உட்லண்ட்ஸ்: அப்படியானால் ஆடியில் மேற்குக் காற்று அடிக்குமே. சிங்கப்பூர் வருவதுதானே வேகம்?

நல்ல வாதம், ஆனால் தலைகீழ். ஆடிக்காற்று தரையோரம் மேற்கிலிருந்து அடிக்கும். விமானம் பறக்கும் 11, 12 கி.மீ. உயரத்தில் அதே மாதங்களில் தென்னிந்தியாவின் மேல் அடிப்பது கொண்டல், கிழக்கிலிருந்து. ஜூன் முதல் செப்டம்பர் வரை அது பலமாக இருக்கும். போகும்போது முதுகில் தள்ளும், வரும்போது மறிக்கும். விமான வேகம் 830, காற்று 50 என்று வையுங்கள். போக 2,980 ÷ 880, அதாவது 3 மணி 23 நிமிடம். வர 2,980 ÷ 780, அதாவது 3 மணி 49. வித்தியாசம் 26 நிமிடம். ஏறி இறங்குவதற்கான கூடுதல் நேரம் தனி.

புக்கிட் பாத்தோக்: இருந்தாலும் பூமி சுழற்சி...

ஓடும் எம்ஆர்டி ரயில் பெட்டிக்குள் குதித்துப் பாருங்கள். பின்சுவரில் மோதினால் எழுதுங்கள்.

ஜூரோங்: லக்கேஜ் எத்தனை கிலோ?

உங்கள் விமான நிறுவனத்தைக் கேளுங்கள்.

சுவா சூ காங்: திருச்சிக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

நான்கே கால் மணி. நள்ளிரவு விமானமா? தேதி.