அலமாரிக்குள் வைத்த லேசர் பிரிண்டர் ஏன் நின்று நின்று அச்சடிக்கிறது?

பெரும்பாலும் பழுது அல்ல, சூடு வெளியேற வழியில்லை. டோனர் என்ற மைத்தூளைத் தாளில் உருக்கி ஒட்டும் ஃபியூசர் 200 டிகிரி செல்சியஸை நெருங்கும். டோனரோ 60 டிகிரி வாக்கிலேயே இளகிக் கட்டிதட்டத் தொடங்கும். இரண்டுக்கும் இடைவெளி சில அங்குலம்தான், காப்பது விசிறிக் காற்று. வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு அலமாரியில் சுவரோடு ஒட்டி வைத்தால், வெளியே தள்ளிய வெப்பக் காற்றையே அது மறுபடி இழுக்கும்; சென்சர் வேகத்தைக் குறைத்துவிடும். இருபக்க அச்சில் இன்னும் மோசம், சூடான தாள், டோனரைத் தாளில் பதிக்கும் உருளையான டிரம்முக்கே திரும்பி வருகிறது.

காற்றுத் துளைப் பக்கங்களில் ஒரு சாண் இடம் விடுங்கள், தூசைத் துடையுங்கள். அச்சடித்ததும் சுவர் சுவிட்சை அணைக்காதீர்கள். விசிறி தானாக நிற்கட்டும். தாள் வெளிவரும் இடத்தில் வெண்புகைபோல் தெரிந்து, கருகல் வாடை இல்லையென்றால், அது சிங்கப்பூர் ஈரத்தை உறிஞ்சிய தாளின் நீராவி. பிரித்த தாள் கட்டை இறுக மூடி வையுங்கள்.