வன்னியில் கூடிய விருப்பு வாக்குப் பெற்றவர் ஏன் தோற்றார்?

இலங்கை நாடாளுமன்றத் தேர்தலில் உங்கள் ஊர் வேட்பாளரைவிடக் குறைந்த விருப்பு வாக்குப் பெற்ற வேறு கட்சிக்காரர் தெரிவானதற்கு எண்ணிக்கைப் பிழை காரணமாக இருக்க வேண்டியதில்லை. விருப்பு வாக்குகள், அதாவது கட்சிக்கு வாக்களித்தபின் அதன் வேட்பாளர்களுக்கு இடும் வாக்குகள், ஒரே கட்சிப் பட்டியலுக்குள் மட்டுமே ஒப்பிடப்படுகின்றன.

பெரும்பாலும் உங்கள் ஊர் வேட்பாளருடைய கட்சி ஆசனப் பங்கீட்டிலேயே பின்தங்கியிருக்கும். வன்னித் தேர்தல் மாவட்டத்தின் 6 ஆசனங்களில் ஒன்று முதலிடம் பெற்ற கட்சிக்குப் போனஸாகப் போய்விடும் என்பதால், 5 சதவீதத்துக்குக் குறைந்த கட்சிகளின் வாக்குகளை நீக்கி, மீதியை 5ஆல் வகுத்து, வரும் எண்ணுடன் அக்கட்சியின் மொத்த வாக்கை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த எண்ணை எட்டாத கட்சிக்கும், ஆசனங்கள் மிஞ்சியிருந்து, அதன் வாக்குகள் மற்றக் கட்சிகள் ஆசனம் பெற்றபின் அவற்றுக்கு மிஞ்சும் வாக்குகளைவிடப் பெரிதாக இருந்தால், ஆசனம் கிடைக்கலாம்.

தொகுதிக்கு ஒருவர் என்ற பழைய முறையில் ஊருக்கென ஓர் உறுப்பினர் இருந்தார் என்பது உண்மைதான். ஆனால் 2024இல் இங்கே ஐந்து கட்சிகள் ஆசனம் பெற்றதைப் போன்ற பரவலை அம்முறை அரிதாகவே தரும், சிதறிக் கிடக்கும் சிறுபான்மையினரின் வாக்குகள் அதில் வீணாகிவிடும் என்பதே என் கவலை.

பிரதேச சபைத் தேர்தலுக்கு இக்கணக்குப் பொருந்தாது. அங்கே நடப்பது வட்டாரத் தெரிவும் விகிதாசாரமும் சேர்ந்த கலப்பு முறை.