ப்ளக் கேஜ் நுழையாத துளைக்கு சி.எம்.எம். ‘சரி’ சொல்வது ஏன்?

கேள்வி: கடைசலில் துளையிட்ட அலுமினிய ஹவுசிங் (உறைப் பாகம்). 40 எச்7 துளையை (40.000 முதல் 40.025 மி.மீ. வரை இருக்கலாம்) சி.எம்.எம்.மில் (புள்ளிகளைத் தொட்டு அளக்கும் ஆய அளவீட்டு இயந்திரம்) நான்கு புள்ளிகள் தொட்டு அளந்தால் 40.008 மி.மீ. வருகிறது. ஆனால் ‘கோ’ ப்ளக் கேஜ் (துளையின் குறைந்தபட்ச அளவைச் சோதிக்கும் உருளை) நுழைய மறுக்கிறது. அதே பாகத்தின் 200 மி.மீ. நீளமோ காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இயந்திரத்தில் கோளாறா?

பதில்: இயந்திரத்தைச் சந்தேகிக்கும் முன் அந்த நான்கு புள்ளிகளைச் சந்தேகியுங்கள். மெல்லிய சுவருள்ள ஹவுசிங்கை மூன்று தாடைச் சக்கில் (கடைசலில் பாகத்தைப் பிடிக்கும் பிடிப்பானில்) இறுக்கிக் கடைந்தால், பிடியில் இருக்கும்வரை துளை வட்டமாகவே இருக்கும். தளர்த்தியதும் மூன்று இடங்களில் உள்வாங்கிக்கொள்ளும். இந்த வடிவத்தை 90 டிகிரி இடைவெளியில் நான்கு இடத்தில் தொட்டால், அந்த நான்கும் குறையில்லாத ஒரு வட்டத்தில் உட்கார்ந்துவிடும். வட்டத்தன்மைப் பிழை பூஜ்யம் என்றுகூட அறிக்கை சொல்லும். மையம் மட்டும் இடம் மாறியிருக்கும். எனவே துளையின் இருப்பிட அளவும் பொய்யாகிறது. எதிரெதிர் இரண்டு புள்ளிகளில் துளையை அளக்கும் போர் கேஜுக்கும் இந்தக் கோணல் தெரியாது.

ஆரத்தில் கூடுதலாக 8, குறைவாக 8 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஏற்ற இறக்கம் என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் தருவது சராசரி வட்டம், 40.008. உள்ளே அடங்கும் மிகப்பெரிய வட்டமோ 39.992தான். ப்ளக் கேஜ் கேட்பது இந்த இரண்டாவது எண்ணை. அது நுழைய மறுத்ததில் தவறே இல்லை.

ஏழு புள்ளிகளுக்குக் குறையாதீர்கள். தண்டு பொருந்த வேண்டிய துளை என்றால் நான் 25 வைப்பேன், அதுவும் இரண்டு மூன்று ஆழங்களில். மென்பொருளில் உள்ளடங்கு வட்டக் (துளைக்குள் அடங்கும் மிகப்பெரிய வட்டம்) கணக்கீட்டைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு முன் துளையை நன்றாகத் துடையுங்கள். சராசரி மன்னித்துவிடும் ஒரு தூசியை இந்தக் கணக்கீடு மன்னிக்காது.

நீளம் மாறுவதற்கு முதல் காரணம் பெரும்பாலும் வெப்பம். வரைபடத்தில் உள்ள அளவுகள் 20 டிகிரி செல்சியஸுக்கு உரியவை. 200 மி.மீ. அலுமினியம் 30 டிகிரியில் ஏறத்தாழ 46 மைக்ரான் நீண்டுவிடும். வெப்ப ஈடு செய்யும் வசதி இருந்தாலும், விரிவு எண்ணில் (ஒரு மீட்டர் நீளம் ஒரு டிகிரிக்கு எத்தனை மைக்ரான் நீளும் என்பது) எஃகின் 11.5 அப்படியே கிடந்தால் பாதிப் பிழை தங்கிவிடும். அலுமினியத்துக்கு 23 வேண்டும். கடைந்த சூட்டோடு மேசைக்கு வரும் பாகத்தை அளக்காதீர்கள்.

அடுத்தது டேட்டம், அதாவது மற்ற அளவுகளை எடுக்க ஆதாரமாகக் கொள்ளும் முகம். டேட்டம் பக்கத்தில் 20 மி.மீ. இடைவெளியில் இரண்டு புள்ளி தொட்டு, அதில் ஒன்றின் அடியில் 5 மைக்ரான் பிசிறு இருந்தால், 200 மி.மீ. தள்ளி அது 50 மைக்ரானாக வளர்ந்து நிற்கும். பிசிறை நீக்கிவிட்டு, புள்ளிகளை முகம் முழுவதும் பரப்புங்கள். கிளாம்பை அழுத்தி இறுக்க வேண்டாம். பாகம் நகராமல் நின்றால் போதும்.

இவ்வளவுக்கும் பிறகு சந்தேகம் தீரவில்லையா? ஸ்டைலஸை (பாகத்தைத் தொடும் முனையை) அளவு தெரிந்த குறிப்புக் கோளத்தில் மறுபடி தகுதிப்படுத்தி, சான்றிதழுள்ள 40 மி.மீ. ரிங் கேஜ் (துல்லியமான துளையுள்ள வளையம்) ஒன்றை அதே நிரலில் அளந்து பாருங்கள். அதன் சான்றளவும் உங்கள் அளவும் ஒத்துப்போனால் சர்வீஸ் பொறியாளரை அழைக்க வேண்டியதில்லை. கடைசல் இயந்திரத்தின் சக் அழுத்தத்தைக் குறையுங்கள்.