மீன் தொட்டியும் கரண்ட் பில்லும்: கேள்வி பதில்

சித்திரை பிறந்தாலே எனக்கு வரும் கேள்விகளின் போக்கு மாறிவிடும். மீனுக்கு என்ன நோய், எந்தத் தீவனம் நல்லது என்று கேட்டவர்கள் எல்லாம் கரண்ட் பில்லைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். நம் ராமநாதபுரம் கரையோரத்திலிருந்து வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்து, கேட்டவரின் ஊர்ப் பெயரோடு இங்கே பதில் சொல்கிறேன். கணக்கு ஒன்றுதான்: வாட்டை மணியால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் யூனிட். நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில் என்பதால் எல்லாவற்றையும் 60 நாளுக்குப் போட்டிருக்கிறேன்.

உச்சிப்புளி: அண்ணே, இரண்டடித் தொட்டியில் கப்பியும் மோலியும் வளர்க்கிறேன். இந்தத் தொட்டியால்தான் பில் ஏறுகிறது என்று வீட்டில் தினமும் சண்டை. உண்மையா?

இல்லை தம்பி. ஏர் பம்ப் 4 வாட், உள்ளே வைக்கும் ஃபில்டர் 10 வாட், இரண்டும் நாள் முழுக்க ஓடும். எல்.இ.டி. விளக்கு 12 வாட், எட்டு மணி நேரம். முறையே 6, 14, 6 என்று மொத்தம் 26 யூனிட். யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று வைத்தாலும் இரண்டு மாதத்துக்கு 130 ரூபாய். ராத்திரி எட்டு மணி நேரம் சுற்றும் 75 வாட் பழைய சீலிங் ஃபேன் ஒன்றே 36 யூனிட் இழுக்கும். பில் ஏறியிருந்தால் ஏ.சி.யையும் ஃபிரிட்ஜ் கதவு ரப்பரையும் பாருங்கள். வீட்டில் இந்தக் கணக்கைப் பணிவாகக் காட்டுங்கள், ஜெயித்த முகத்தோடு வேண்டாம்.

கீழக்கரை: தூங்கும்போது ஃபில்டரை நிறுத்திவிட்டால் மிச்சம்தானே?

மிச்சம் ஐந்து யூனிட்டுக்கும் கீழே, 25 ரூபாய் கூடத் தேறாது. போவது அதைவிடப் பெரிது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா ஃபில்டர் பஞ்சில்தான் குடியிருக்கிறது. தண்ணீர் ஓடாவிட்டால் அதற்கு ஆக்ஸிஜன் கிடைக்காது. தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் என்றால் சில மணி நேரத்திலேயே உள்ளே கெட ஆரம்பித்து, காலையில் சுவிட்ச் போட்டதும் அந்த அழுக்குத் தண்ணீர் தொட்டிக்குள் வந்துவிடும். அப்புறம், 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீரில் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும் என்றால், நம் ஊர் 30 டிகிரியில் ஏழரைதான். ராத்திரியில் செடிகளும் அதில் பங்கு கேட்கும். மிச்சம் பிடித்தே ஆக வேண்டும் என்றால் விளக்கில் பிடியுங்கள். டைமர் வைத்து ஏழெட்டு மணி நேரத்தோடு நிறுத்தினால் பாசியும் குறையும்.

ராமநாதபுரம்: கடையில் 100 வாட் ஹீட்டரையும் சேர்த்துத்தான் செட் தருகிறார்கள். வாங்கவா?

வேண்டாம். மார்கழியிலும் நம் கரையில் தொட்டித் தண்ணீர் 24 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். வெதுவெதுப்பான தண்ணீர் கேட்கும் டிஸ்கஸ் மீன் வளர்த்தால் மட்டும் யோசிக்கலாம்.

பாம்பன்: சார், கடல் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. உப்பு வாங்கும் செலவு இல்லை. மூன்றடியில் கடல் மீன் தொட்டி வைத்தால் செலவு குறைவுதானே?

உப்புச் செலவு இல்லை என்பது சரிதான். மதுரைக்காரர்கள் பாக்கெட் உப்புக்குக் கொட்டும் காசு உங்களுக்கு மிச்சம். ஆனால் பணத்தை விழுங்குவது உப்பு அல்ல, குளிர்ச்சி. கீழ்த் தொட்டியிலிருந்து தண்ணீரை மேலேற்றும் சம்ப் பம்ப் 40 வாட், கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் 15, அலை பம்ப் 10, மூன்றும் நாள் முழுக்க. விளக்கு 60 வாட் எட்டு மணி. இதுவே 122 யூனிட். கோடையில் தண்ணீரைக் குளிர்விக்கும் 200 வாட் சில்லர் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் இன்னொரு 144. ஆக 266 யூனிட்.

இதை 5 ரூபாயால் பெருக்கி 1,300 சொச்சம்தான் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். வீட்டுக்கு ஏற்கெனவே 300 யூனிட் ஆகிறது என்றால் மொத்தம் 566. முதல் 100 யூனிட் இலவசம், அதில் மாற்றமில்லை. ஆனால் 500-ஐத் தாண்டியதும் கூடுதல் யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல் போகும். 101-இலிருந்து 200 வரை கிடைத்த சலுகையும் கைவிட்டுப் போகும். எல்லாம் சேர்த்தால் பில் ஏறக்குறைய 2,000 ரூபாய் கூடிவிடும். எனவே தொட்டி வாங்கும் முன் பழைய பில்லைப் பார்த்து, 500-க்கு இன்னும் எத்தனை யூனிட் இடமிருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். பம்ப்பில் குறைந்த வாட்டில் ஓடும் டி.சி. மாடல் வாங்கினால் யூனிட் கொஞ்சம் இறங்கும். தண்ணீருக்குள் கிடக்கும் பம்ப் தன் சூட்டையும் தண்ணீரில்தான் விடுகிறது, அந்தச் சூட்டையும் சில்லர்தான் எடுக்க வேண்டும்.

இன்னொன்று. பவளம், கடல் குதிரை இரண்டும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. கரையில் செத்து ஒதுங்கிய பவளக் கல்லானாலும் எடுத்துத் தொட்டியில் வைக்காதீர்கள். பண்ணையில் வளர்த்த க்ளௌன் மீன் ஒரு ஜோடி போதும், தொட்டி களைகட்டிவிடும்.

மண்டபம்: சில்லருக்குப் பதில் ஃபேன் வைக்கலாமா?

மீன் மட்டும் என்றால் தாராளமாக. மூன்று வாட் கம்ப்யூட்டர் ஃபேன் இரண்டை மேல்பரப்பைப் பார்த்து மாட்டினால், ஆவியாகும்போது இரண்டு டிகிரி வரை குறையும். காற்று புழுங்கும் நாளில் அவ்வளவு குறையாது. ஆவியாகிப் போவது நன்னீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அதனால் குறைந்த மட்டத்துக்கு நன்னீர்தான் ஊற்ற வேண்டும். கடல் தண்ணீரையே ஊற்றிக்கொண்டு வந்தால் உப்பு ஏறி மீன் திணறும்.

தொண்டி: அண்ணா, பராமரிப்பு என்று பகல் முழுக்க கரண்ட்டை நிறுத்துகிறார்கள். புயல் வந்தால் கேட்கவே வேண்டாம். என்ன செய்வது?

அறிவிப்பு வந்தால் முந்தின நாள் இரவிலிருந்தே தீனியை நிறுத்திவிடுங்கள் தங்கச்சி. ஒரு நாள் பட்டினியில் எந்த மீனும் சாகாது. யு.எஸ்.பி. ஏர் பம்ப் ஒன்றோ இரண்டோ வாட்தான். 10,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க் ஒரு ராத்திரியைத் தாங்கும். இன்வெர்ட்டரில் மாட்டுவதானால் சைன் வேவ் ரகமாக இருக்கட்டும். ஸ்கொயர் வேவில் பம்ப் உறுமும், சூடாகும். ஏர் பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள். இல்லையென்றால் கரண்ட் போனதும் தண்ணீர் குழாய் வழியே பின்னால் இறங்கி, பம்ப்பையும் தரையையும் நனைத்துவிடும்.

தேவிபட்டினம்: ஆறு மாதத்துக்கு ஒரு அடாப்டர் போகிறது.

உப்புக் காற்று. பிளக் பின்னில் பச்சை படிந்திருக்கும், பாருங்கள். பிளக் போர்டைத் தொட்டிக்குக் கீழே வைக்காதீர்கள், பக்கவாட்டில் உயரத்தில் வையுங்கள். ஒயர் பிளக்குக்கு வரும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும். ஒயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். அடாப்டரைவிட முக்கியம், வீட்டு மெயினில் மின் கசிவு வந்தால் உடனே கரண்ட்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இருக்கிறதா என்பது. இல்லையென்றால் தொட்டிக்குள் கை விடும்போதெல்லாம் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டே விடுங்கள்.

ஏர்வாடி: சோலார் போடலாமா?

கமுதியில் 648 மெகாவாட் நிலையமே ஓடும் மாவட்டம், வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் 26 யூனிட் தொட்டிக்காக யாரும் கூரையில் பேனல் ஏற்ற வேண்டாம். வீட்டுக்காகப் போடுங்கள், தொட்டி அதில் ஒட்டிக்கொள்ளும்.

திருப்புல்லாணி: போர் தண்ணீர் உப்பு. வாரம் இரண்டு கேன் வாங்கி ஊற்றுகிறேன். கரண்ட்டைவிட அதுதான் செலவு.

மோலி, கப்பி மாதிரி மீன்கள் என்றால் அதை நிறுத்தலாம். மோலிக்கு லேசான உப்புத் தண்ணீர் பிடிக்கும், கப்பியும் பழகிக்கொள்ளும். ஒரேயடியாக மாற்றாமல் வாரம் கால் பங்காக மாற்றுங்கள். காவிரிக் குழாய்த் தண்ணீர் கிடைத்தால் ஒரு நாள் வாளியில் காற்று விட்டு வைத்து, குளோரின் போனபின் போர் தண்ணீரோடு கலந்துகொள்ளலாம். டெட்ரா, ஏஞ்சல் மாதிரி மீன்கள் இருந்தால் இது சரிப்படாது. என்ன மீன், தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) எவ்வளவு என்று எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.