எந்தப் புத்தகத்தைக் கிழித்தார்?

கேள்வி: எங்கள் ஊர்ப் பக்கம் நடந்த கலை விழா ஒன்றில், ஒருவர் மேடையில் உட்கார்ந்து பழைய புத்தகங்களைத் தாள் தாளாகக் கிழித்தார். அண்டாத் தண்ணீரில் ஊறப்போட்டு, பிசைந்து உருட்டி, மேலே கேழ்வரகைத் தூவினார். கடைசி வரை வாயே திறக்கவில்லை. ‘அறிவு மண்ணுக்குத் திரும்புகிறது’ என்று ஒரு அட்டை மட்டும் தொங்கியது. நிகழ்த்துகலையாம்! சரஸ்வதியை இப்படிப் பிசையலாமா? இனி இதை அனுமதிக்கக் கூடாது என்று பஞ்சாயத்தில் மனு கொடுக்கப்போகிறோம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

- வாசகர் ஒருவர், கொழிஞ்சாம்பாறை

பதில்: முதலில் அந்த மனுவைக் கிழித்துப் போடுங்கள். அதில் பாவமில்லை.

சரஸ்வதியை இதில் இழுக்காதீர்கள். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு ஏடு தேடிப் போன உ.வே.சா.வுக்கு, அவற்றை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டாகிவிட்டது என்ற பதில்தான் கிடைத்தது. ஆகமத்தில் அப்படிச் சொல்லியிருக்கிறதாம். பக்தியில் குறைவில்லை, ஏடுதான் மிஞ்சவில்லை. உங்கள் கலைஞருக்கும் புத்தகங்கள் பழைய பேப்பர் கடையில்தான் கிடைத்திருக்கும். அங்கே கிலோக் கணக்கில் கொண்டுபோய்ப் போட்டது யார் யார் என்று நான் கேட்கவில்லை.

ஆனால் அவர்மேல் எனக்கும் ஒரு மனத்தாங்கல் உண்டு. எந்தப் புத்தகத்தைக் கிழித்தார்? உங்கள் கடிதத்தில் ஒரு பெயர்கூட இல்லை. அவருக்கும் அது ஒரு பொருட்டாக இருந்திருக்காது என்றே படுகிறது.

1966-இல் லண்டனில் ஜான் லேத்தம் என்ற கலைஞர், தான் பாடம் நடத்திய கலைக் கல்லூரியின் நூலகத்தில் கிளெமென்ட் கிரீன்பெர்க்கின் கலை விமர்சன நூல் ஒன்றை இரவல் எடுத்தார். வீட்டுக்கு ஆட்களைக் கூப்பிட்டு, தாள்களைக் கிழித்து மெல்லச் சொன்னார். மென்று துப்பியதை அமிலத்தில் கரைத்து, ஈஸ்ட் போட்டுப் புளிக்கவிட்டார். நூலகம் புத்தகத்தைத் திருப்பிக் கேட்டபோது, வடித்த நீரைக் குப்பியில் ஊற்றிக் கொண்டுபோய் நீட்டினார். வேலை போயிற்று. மிச்சமெல்லாம் இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில், ஒரு தோல் பெட்டிக்குள். குசும்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிரீன்பெர்க் சொன்னதே சட்டம் என்று ஓவிய உலகம் நம்பிய காலம் அது. லேத்தமுக்குத் தகராறு அந்த ஒரு புத்தகத்தோடுதான். வேறொன்றை மென்றிருந்தால் வயிற்றுவலி மட்டுமே மிச்சம்.

உங்கள் ஊருக்கு வந்தவர் மண்ணையும் விசாரிக்கவில்லை. காகிதக் கூழில் கேழ்வரகு முளைக்கும், அப்புறம் வெளுத்துப் போகும். காகிதம் மட்கும்போது மண்ணில் இருக்கிற தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். குப்பைக்குழி போட்டுப் பழகிய யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இத்தனைக்கும் உங்கள் பாலக்காட்டுப் பக்கத்தில், புத்தகத்தை மேடையேற்றும் கலை தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. பகவதி கோயில்களின் தோல்பாவைக்கூத்தைத்தான் சொல்கிறேன். கூத்துமாடம் என்று கூத்துக்கென்றே கட்டிய மேடையில் வெள்ளைத் திரை. பின்னால் தேங்காய் மூடிகளில் 21 விளக்குகள். முன்பு மான்தோலிலும் இப்போது ஆட்டுத்தோலிலும் வெட்டிய பாவைகளைத் திரையில் முள்ளால் குத்தி நிறுத்துவார்கள். பாட்டு, கம்பனின் தமிழ். புலவர் ஒரு செய்யுளைச் சொல்லிவிட்டு உரையில் இறங்கினால் புராணம், இலக்கணம், வைத்தியம் என்று சுற்றிவிட்டுத்தான் கதைக்குத் திரும்புவார். ஆயிரக்கணக்கான பாட்டுகள் மனப்பாடம், ஏடு கையில் இருக்காது. தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டதால் ராவண வதத்தைப் பார்க்க முடியாமல் போன பத்ரகாளிக்காக ஆடுவதாக ஐதீகம். எதிரே மனிதர் யாரும் இல்லாவிட்டாலும் விடிய விடியக் கூத்து நிற்காது. பல இரவுகளில் யாரும் இருப்பதும் இல்லை.

அந்தக் கிழிக்கும் கலைஞர் மறுபடி வந்தால் தடுக்காதீர்கள். முதல் தாளைக் கிழிக்கும்முன் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம், மனுவுக்காக ஒதுக்கிய நேரத்தில் அவரையும் கூட்டிக்கொண்டு ஒரு ராத்திரி கூத்துமாடத்துக்குப் போய் வாருங்கள். துண்டு போட்டு இடம் பிடிக்க வேண்டியிருக்காது.