நார்வேயில் பூர்வீகம் தேட குடும்பப் பெயர் போதாது

கேள்வி: மினசோட்டாவில் இருக்கிறோம். கணவரின் கொள்ளுத்தாத்தா நார்வேக்காரர். குடும்ப பைபிளில் 'ஓலே ஓல்சன், பிறப்பு 1861, நார்வே, வந்தது 1882' என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. அடுத்த கோடையில் பிள்ளைகளோடு அவர் ஊரைப் பார்க்கப் போக ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நார்வேயிலிருந்து தொடங்காதீர்கள். இந்தப் பெயரை அங்கே போட்டுத் தேடினால் ஓலே ஓல்சன்கள் வந்துகொண்டே இருப்பார்கள், பாதிப் பேர் உங்கள் ஆள் மாதிரியே தெரிவார்கள். ஓல்சன் என்றால் ஓலேயின் மகன், அவ்வளவுதான். நம் இனிஷியல் போல அது தலைமுறைக்குத் தலைமுறை மாறும். இவருடைய அப்பா ஓலே பேடர்சனாகவும், தங்கை ஓல்ஸ்டாட்டராகவும், அதாவது ஓலேயின் மகளாகவும், இருந்திருப்பார்கள். நிலையான குடும்பப் பெயர் வேண்டும் என்று அங்கே சட்டம் வந்ததே 1923-இல்தான்.

நாட்டுப்புறத்தில் ஒருவரை அடையாளம் காட்டியது அவர் குடியிருந்த பண்ணையின் பெயர். அது முகவரி மாதிரி, வேறு பண்ணைக்குக் குடிபோனால் அதுவும் மாறிவிடும். ஹாவ்கன், பாக்கன் போன்ற பெயர்களில் நாடு முழுக்கப் பண்ணைகள் உண்டு, அதனால் எந்தப் பங்கை, அதாவது ஒரு சர்ச்சின் கீழ் வரும் எந்த வட்டாரத்தைச் சேர்ந்தது என்பதும் கூடவே தெரிய வேண்டும். இந்த இரண்டும் கிடைத்துவிட்டால் வேலை முக்கால்வாசி முடிந்தது.

அது உங்கள் பக்கத்திலேயே கிடைக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்க அரசுப் பதிவுகள் பெரும்பாலும் 'நார்வே' என்று எழுதிவிட்டு நின்றுவிடும். ஆனால் அவர் சேர்ந்திருந்த லுத்தரன் சபையின் பழைய பதிவேட்டில், பல நேரம் நார்வேஜியன் மொழியிலேயே, பிறந்த பங்கின் பெயரை எழுதியிருப்பார்கள். கல்லறைக் கல், இரங்கல் குறிப்பு, அவரோடு வந்த அண்ணன் தம்பிகளின் சபைப் பதிவு எதையும் விடாதீர்கள். டி.என்.ஏ. சோதனைக்கு இப்போதே பணம் கட்ட வேண்டாம், அது பண்ணையின் பெயரைச் சொல்லாது.

அப்புறம் நார்வே தேசிய ஆவணக் காப்பகத்தின் டிஜிட்டல்ஆர்கிவெட் தளத்துக்குப் போங்கள். இலவசம், ஆங்கிலத்திலும் பார்க்கலாம். 1865, 1875 கணக்கெடுப்பு இரண்டிலும் உங்கள் ஓலே பெற்றோர் வீட்டில் சிறுவனாக இருக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தவை இவைதான், ஏனென்றால் எத்தனை மாடு, எத்தனை ஆடு, எவ்வளவு உருளைக்கிழங்கு விதைத்தார்கள் என்பது வரை எழுதியிருக்கும். அப்பாவின் பெயருக்கு எதிரே 'ஹுஸ்மன்' என்றிருந்தால் அவர் பண்ணைக்குச் சொந்தக்காரர் அல்ல, அதன் ஓரத்தில் குடிசை போட்டு உழைத்த குடியானவர். அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்களில் இப்படிப்பட்டவர்கள் ஏராளம், ஆகவே அந்தப் பண்ணையின் பெயரைக் கண்டதும் நிலக்கிழார் வம்சம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

பிறகு சர்ச் பதிவேடு. ஞானஸ்நானப் பதிவில் பெற்றோர், பண்ணை, ஞானப்பெற்றோர் எல்லாம் இருக்கும். ஞானஸ்நானத்துக்குச் சாட்சியாக நின்ற இந்த ஞானப்பெற்றோர் பெரும்பாலும் சொந்தக்காரர்கள்தான். பதினைந்து வயதை ஒட்டி, விசுவாசத்தைத் தானே அறிக்கையிடும் சடங்கான திடப்படுத்தலின் பதிவில் பிறந்த தேதியோடு அம்மைத் தடுப்பூசி போட்ட தேதியும் இருக்கும், 1810 முதல் ஊசி போடாமல் திடப்படுத்தல் கிடையாது. கையெழுத்து பழைய கோதிக் பாணி, முதலில் மிரட்டும். ஒரே பாதிரியார் எழுதிய நாலைந்து பக்கத்தைப் பார்த்தால் கண் பழகிவிடும்.

1882-இல் கிளம்பியவர் என்பதால் நாட்டைவிட்டுக் குடிபெயர்ந்தவர்களைப் பற்றிப் போலீஸார் வைத்திருந்த ஏட்டையும் பாருங்கள். அன்று கிறிஸ்டியானியா என்றிருந்த ஓஸ்லோவுக்கு 1867 முதலும் பெர்கனுக்கு 1874 முதலும் இருக்கிறது. ஸ்டாவாங்கரில் 1903-க்கு முந்தையவை இல்லை; அந்தப் பக்கத்து ஆள் என்றால் சர்ச் பதிவேட்டில் 'ஊரைவிட்டுப் போனவர்கள்' பட்டியலைப் புரட்ட வேண்டும்.

பண்ணை உறுதியானதும் அந்த வட்டாரத்தின் 'பிக்டபூக்' கிடைக்கிறதா பாருங்கள். பண்ணை வாரியாக அங்கே வாழ்ந்த குடும்பங்களைத் தலைமுறைகளாக எழுதிவைத்த உள்ளூர் வரலாறு அது. கிராண்ட் ஃபோர்க்ஸில் உள்ள நார்த் டகோட்டா பல்கலைக்கழக நூலகத்தில் பெரிய தொகுப்பே இருக்கிறது, உங்களுக்கு ஒரு நாள் கார் பயணம்.

டிக்கெட் போடும் முன் அந்த ஊர் 'ஹிஸ்டோரிலாக்' என்ற வரலாற்றுச் சங்கத்துக்கு எளிய ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பண்ணையில் இன்று யாரோ குடியிருப்பார்கள். சொல்லாமல் வாசலில் போய் நிற்பதைவிட, சங்கத்தார் மூலம் கேட்டுவிட்டுப் போவது நல்லது.