எட்டுத் தூணும் ஒரே உயரமா? வைரம் கேள்வி-பதில்

முகூர்த்த நாட்கள் நெருங்குகின்றன. வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வைரத்தோடு பற்றியவைதான். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

மகள் கல்யாணத்துக்கு இரண்டு ஐம்பது சென்ட் (அரை காரட்) கல் பார்த்தோம். சான்றிதழில் இரண்டுக்கும் கட் (வெட்டு), பாலிஷ், சிமெட்ரி (பட்டைகளின் ஒழுங்கு) மூன்றுமே எக்ஸலண்ட். ஆனால் ஒன்று உயிரோடு இருக்கிறது, மற்றது சோர்ந்து தெரிகிறது. தப்பு கண்ணிலா, காகிதத்திலா? (காரைக்குடி)

உங்கள் கண்ணில் கோளாறு இல்லை. காகிதமும் பொய் சொல்லவில்லை, எட்டை ஒன்றாக்கிச் சொல்கிறது, அவ்வளவுதான்.

வட்டக் கல்லின் அடிப்பாகத்தை பெவிலியன் என்பார்கள். அதில் எட்டுப் பெரிய பட்டைகள் உண்டு. வைரத்தைத் தரம் பார்க்கும் அமெரிக்க நிறுவனமான ஜி.ஐ.ஏ.வின் சான்றிதழில் பெவிலியன் கோணம் 40.8 டிகிரி என்றிருந்தால் அது எட்டுப் பட்டைகளின் சராசரி. அதையும் 0.2 டிகிரிக்கு முழுதாக்கித்தான் அச்சடிக்கிறார்கள். மேல்பாகமான கிரவுனுக்கு 0.5 டிகிரி. உங்கள் வீட்டு வளவில் (நடு முற்றத்தில்) எட்டுத் தூண் இருக்கிறது, ஒன்று அரை அடி குட்டை, ஒன்று அரை அடி நெட்டை என்று வையுங்கள். சராசரி உயரம் கச்சிதமாகத்தான் வரும். கூரை என்ன ஆகும்?

வைரத்தில் கூரைக்குப் பதில் ஒளி. மேலிருந்து நுழையும் ஒளி அடிப்பட்டையில் மோதி, எதிர்ப்பட்டைக்குப் போய், அங்கிருந்து மறுபடி மேலே வர வேண்டும். எட்டில் ஒரு பட்டை கொஞ்சம் சாய்ந்தாலும் அந்தத் திசையில் வந்த ஒளி வேறெங்கோ போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் வாசலில் நின்றால் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல் வரை பார்வை ஓடும். நிலைகள் ஒரே நேர்கோட்டில் இருப்பதால்தான் அது நடக்கிறது. கல்லிலும் மேல்பட்டைக்கு நேர் கீழே அடிப்பட்டை உட்கார வேண்டும். சற்றுத் திரும்பிவிட்டால் கோணம் சரியாக இருந்தும் கல் கலங்கலாகத் தெரியும்.

கடையில் ஹார்ட்ஸ் அண்ட் ஆரோஸ் பார்க்கும் குழாய் இருந்தால் கேட்டு வாங்குங்கள். அதில் மேலிருந்து பார்த்தால் எட்டு அம்புகள், கவிழ்த்துப் பார்த்தால் எட்டு இதயங்கள் தெரிய வேண்டும். சோர்ந்த கல்லில் ஒரு அம்பு ஒடிந்தோ, ஒரு இதயம் மெலிந்தோ இருக்க வாய்ப்புண்டு.

அப்படியானால் எந்த எண்களைப் பார்த்து வாங்குவது? (தேவகோட்டை)

வைரம் வெட்டும் குடும்பத்தில் வந்த பொறியாளர் மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919-ல் கணக்குப் போட்டுச் சொன்னது: மேல்முகமான டேபிள் கல்லின் அகலத்தில் 53 சதவீதம், கிரவுன் 34.5 டிகிரி, பெவிலியன் 40.75 டிகிரி. இன்றைக்கும் நல்ல கற்கள் இதன் அக்கம்பக்கத்தில்தான் இருக்கின்றன. நான் தேடுவது டேபிள் 54 முதல் 58, கிரவுன் 34 முதல் 35, பெவிலியன் 40.6 முதல் 41. இதற்கு வெளியிலும் அழகான கல் உண்டு. ஆனால் பார்க்காமல் வாங்குகிறவர் இதைத் தாண்ட வேண்டாம்.

அடிப்பாகம் மிகத் தட்டையாக இருந்தால் டேபிளுக்குள் வெள்ளை வளையம் தெரியும், மீன் கண் மாதிரி. மிக ஆழமாக இருந்தால் நடுவே கறுப்பாக ஆணித்தலை மாதிரி தெரியும். ஆழமான கல்லில் இன்னொரு நஷ்டம்: எடை கீழே போய் ஒளிந்துகொள்ளும். நன்றாக வெட்டிய ஐம்பது சென்ட் கல் ஏறக்குறைய 5.1 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். 4.8 தான் இருக்கிறது என்றால் காதில் யாருக்கும் தெரியாத எடைக்குக் காசு கொடுக்கிறீர்கள்.

ஏழுக்கல் தோட்டில் ஒரு கல்லுக்குப் பக்கத்தில் மட்டும் இடைவெளி தெரிகிறது. ஆசாரி கைத்தவறா? (பள்ளத்தூர்)

பெரும்பாலும் இல்லை. பாவம், பழி மட்டும் அவருக்கு. ஒரு வட்டத்தைச் சுற்றி அதே அளவு வட்டங்கள் ஆறு, இடைவெளியே இல்லாமல் உட்காரும். ஒரே நாணயத்தில் ஏழு எடுத்து மேசையில் வைத்துப் பாருங்கள். ஏழுக்கல் தோட்டின் அழகு இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. பத்து சென்ட் கல் சுமார் 3 மில்லிமீட்டர். அதில் ஒன்று 3.1 என்றாலோ, கல்லே முட்டை வடிவத்துக்கு ஓடியிருந்தாலோ பூ பிளந்துவிடும்.

கல்லைக் கட்டக் கொடுக்கும் முன் ஜோடிக்கான பதினான்கையும் வெள்ளைத் தாளில் கவிழ்த்து வரிசையாக வைத்து, கேஜில் ஒவ்வொன்றையும் இரண்டு திசையில் அளக்கச் சொல்லுங்கள். சான்றிதழ் உள்ள கல்லானால் 5.12 – 5.15 x 3.17 என்பது போல இருக்கும் வரியைப் பாருங்கள். முதல் இரண்டும் குறைந்த, கூடிய அகலம், மூன்றாவது ஆழம். முதல் இரண்டும் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு வட்டம்.

கடைக்காரர் "ப்ளூ ஜாகர், பெல்ஜியம் கட்" என்கிறார். நம்பலாமா? (புதுவயல்)

ஜாகர் என்பது தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபொன்டெய்ன் சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்தது. சுரங்கம் 1971-ல் மூடியாயிற்று, பெயர் மட்டும் நம் கடைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. பெல்ஜியம் கட் என்று தனித் தரம் எதுவும் கிடையாது. இன்று உலக வைரத்தில் பெரும்பகுதி பட்டை தீட்டப்படுவது சூரத்தில். பட்டத்தை விட்டுவிட்டுச் சான்றிதழைக் கேளுங்கள்.

ஆயா காலத்துத் தோடு. நடுவில் சின்ன வட்டம் தெரிகிறது, ஒளியும் மங்கல். திரும்ப வெட்டித் தருகிறேன் என்கிறார்கள். (கானாடுகாத்தான்)

முதலில் கழுவிப் பாருங்கள். வைரம் எண்ணெயை இழுத்து வைத்துக்கொள்ளும் கல். சுரங்கங்களிலேயே கிரீஸ் தடவிய மேடையில் கற்குழம்பை ஓடவிட்டு வைரத்தைப் பிரித்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இத்தனை வருஷத் தலை எண்ணெயும் மஞ்சளும் கல்லின் அடியில்தான் அப்பியிருக்கும். வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், குழந்தைகளின் மெல்லிய பிரஷ். பின்பக்கம் மூடிய கட்டாக இருந்தால் தண்ணீரில் போடவே கூடாது. உள்ளே ஈரம் இறங்கினால் கல் நிரந்தரமாக மங்கிவிடும். அதை ஆசாரியிடம் கொடுங்கள்.

அந்தச் சின்ன வட்டம் குறையே இல்லை. கல்லின் அடிமுனையைக் கூராக விடாமல் தட்டையாக வெட்டுவது அக்கால வழக்கம். மேல்பாகம் உயரம், டேபிள் சிறிது, கையால் வெட்டிய பட்டைகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. இன்றைய சிமெட்ரி அளவுகோலில் தோற்கும். ஆனால் விளக்கடியில் பெரிய பெரிய வர்ணத் துண்டுகளாக எறியும், எனக்கு அது புதுக் கல்லைவிடப் பிடிக்கும். திரும்ப வெட்டினால் எடை போகும், ஜோடி கலையும். நான் வேண்டாம் என்பேன்.

காகபாதம் பார்க்க வேண்டுமா? (கீழச்சிவல்பட்டி)

காகபாதம் (காக்கைக்கால் போன்ற கீறல்), களங்கம் (கறை), விந்து (புள்ளி), ஏகை (கோடு) என்று வைரத்தின் நான்கு குற்றங்களைச் சிலப்பதிகாரம் மதுரை மணிவீதியிலேயே சொல்லிவிட்டது. எல்லாம் கல்லின் குறைகள், பட்டை தீட்டியதைப் பற்றியவை அல்ல. பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள், தப்பில்லை. ஆனால் குற்றமே இல்லாத கல்லும் மோசமாக வெட்டினால் கண்ணாடித் துண்டுதான்.

கடையில் ஜொலித்தது, வீட்டில் இல்லை. ஏன்? (தேவகோட்டை)

கடையின் மேல் விளக்கு அப்படி. எந்தக் கல்லையும் மினுக்கிக் காட்டும். தோஷம் பார்க்க நாலு நாள் வீட்டில் வைத்திருந்து வாங்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறதே, தோஷத்தில் எனக்கு அபிப்பிராயம் இல்லை, அந்த நாலு நாளை விட்டுவிடாதீர்கள். காலையில் வளவு வெளிச்சத்தில், மத்தியானம் முகப்பு நிழலில், ராத்திரி டியூப்லைட்டில் பாருங்கள். கையால் மறைத்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். நிழலிலும் விளிம்பு வரை வெளிச்சம் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். விளிம்பு செத்து நடு மட்டும் மினுங்கினால் அஞ்சாம் நாள் காலையில் கடை திறந்ததும் போய்க் கொடுத்துவிடுங்கள்.